உறுப்பினர் கதைகள்: சங்கத்தை இணைக்கும் வீடியோப் பதிவுகள்

பொங்கல் விழாவுக்கும் ஆண்டுப் பொதுக்குழுவுக்கும் நம் சங்கத்தார் குடும்பத்தோடு வருகிறார்கள். பாட்டு, பட்டிமன்றம், விருந்து எல்லாம் நடக்கின்றன. ஒருவரையொருவர் பார்த்து வணங்குகிறோம்; பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறோம். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்தத் தலைமுறையில், என்ன காரணத்தால் இங்கே வந்தது என்று யாராவது கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். உறுப்பினர் பட்டியலில் பெயரும் சந்தா எண்ணும் இருக்கின்றன, ஆள் இல்லை.

இந்தக் குறையைப் போக்க ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு உறுப்பினரும் தம் வாழ்வில் ஒரு பகுதியைத் தம் வாயாலேயே சொல்ல, அதை வீடியோவாகப் பதிந்து, எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்ப்பது. வெளிநாட்டு நகரங்களில் உடற்பயிற்சிக் கூடங்களும், செயற்கைச் சுவர் ஏறிப் பழகும் கூடங்களும் இந்த முறையைக் கையாளுகின்றன. முதல் நாள் பயந்துகொண்டு வந்து நின்ற சாதாரண உறுப்பினர் தம் கதையைச் சொல்லும்போது, புதிதாக வருபவருக்கு ‘இது நமக்கும் உரிய இடம்தான்’ என்ற தைரியம் பிறக்கிறது. சாம்பியன்களின் படங்களால் அந்தத் தைரியத்தைத் தர முடிவதில்லை. தமிழ்ச் சங்கங்களுக்கும் இது பொருந்தும். கடந்த இரண்டு ஆண்டுகளாக நானும் மூன்று இளைஞர்களும் பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களில் இப்படிச் சில பதிவுகளைச் செய்து வருகிறோம். அதில் கற்றதையும், பிறர் அனுபவங்களைப் படித்து அறிந்ததையும் சேர்த்து ஒரு பாடமாகவே இங்கே தருகிறேன்.

நாம் யார் என்பதே முதற் கேள்வி

எல்லைப்புறத் தமிழர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் நாம் ஒரே மாதிரியான மக்கள் அல்லோம்.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் உள்ள தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால், ‘நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை’ என்பார்கள். பழைய கொச்சி அரசில் இருந்த அந்தப் பகுதி, 1956 நவம்பர் 1இல் கேரள மாநிலத்தின் பகுதியாயிற்று. தென்னையும் நிலக்கடலையும் பயிரிட்டு, பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வந்த உழவர்கள், உட்கார்ந்த இடத்திலேயே மொழிச் சிறுபான்மையர் ஆனார்கள். கல்பாத்தி அக்ரகாரத்தாரின் கதை வேறு. அவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வந்து, தமக்கென்று ஒரு தமிழையே வளர்த்துக்கொண்டவர்கள்.

இடுக்கியின் கதை மலையேறி வந்தவர்களின் கதை. 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் தேயிலை வந்தது. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டி வந்தார்கள். மூணாறிலிருந்து தேயிலை டாப் ஸ்டேஷன் வரை சென்று, அங்கிருந்து கம்பிவழியாகப் போடிப் பக்கம் கீழே இறங்கியது. மூணாற்றில் ஓடிய சிறு ரயில் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. குமுளி, பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னும் வேறு கதைகள்.

சித்தூர்க்காரர் மூணாற்றுக்காரரின் கதையை அறியார். மூணாற்றுக்காரர் சித்தூர்க்காரரின் கதையை அறியார். இருவரும் ஒரே சங்கத்தில் உறுப்பினர். ஒற்றுமை வேண்டும் என்று மேடையில் ஆயிரம் முறை பேசினாலும், ஒருவர் கதை மற்றவருக்குத் தெரியாத வரையில் அது பேச்சாகவே நிற்கும் என்பது என் கருத்து.

பிறரிடம் கற்க வேண்டிய பாடங்கள்

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் உலகில் உண்டு.

கனடாவின் நியூபவுண்ட்லாந்தை ஒட்டி ஃபோகோ என்ற மீனவர் தீவு இருக்கிறது. 1960களில் மீன்பிடித் தொழில் நலிந்து, மக்களை வேறிடத்தில் குடியேற்றலாமா என்று அரசு யோசித்துக்கொண்டிருந்தது. தீவின் சிற்றூர்களோ சமயப் பிரிவுகளால் தனித்தனியே கிடந்தன. 1967இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ என்பவர், நியூபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து அங்கே சென்று, மீனவர்களையே பேசவைத்து இருபத்தைந்துக்கு மேற்பட்ட குறும்படங்களை எடுத்தார். அவற்றை வெளியுலகுக்குக் காட்டுமுன் அந்த ஊர்களிலேயே திரையிட்டார். நேருக்கு நேர் பேசிக்கொள்ளாத ஊரார், திரையில் ஒருவர் துயரை ஒருவர் கேட்டபோது, நம் துயரும் இதுதானே என்று உணர்ந்தார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது; மக்கள் தீவிலேயே நிலைத்தார்கள். படம் மட்டுமே இதைச் சாதித்தது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே முன்பே ஒரு மேம்பாட்டுக் குழு உழைத்துக்கொண்டிருந்தது. உழைப்பவர்களுக்குப் படம் துணையாயிற்று.

அங்கே கண்ட ஒரு நுட்பம் நமக்கு மிக முக்கியம். ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, பலர் சொன்னதை வெட்டி ஒட்டி, ஒருவர் பேச்சுக்கு இன்னொருவர் பேச்சை எதிர்வைத்துப் படமாக்குவது வழக்கமான முறை. ஃபோகோவில் அதைத் தவிர்த்து, ஓர் ஆளுக்கு ஒரு படம், ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு படம் என்று எடுத்தார்கள். தம் பேச்சு முழுதாக நிற்கும் என்ற நம்பிக்கை வந்ததால் மக்கள் மனம் திறந்தார்கள்.

இரண்டாவது பாடம் அகமதாபாத்திலிருந்து. இளா பட் 1972இல் தொடங்கிய ‘சேவா’ என்னும் சுயதொழில் புரியும் பெண்கள் சங்கத்தில், 1984இல் அமெரிக்கரான மார்த்தா ஸ்டூவர்ட் என்ற அம்மையார் வீடியோப் பயிற்சி அளித்தார். பயிற்சி பெற்றவர்களில் காய்கறி விற்பவர்களும் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்களே கேமரா பிடித்தார்கள். ஒரு தெருவோர வியாபாரியின் அனுபவம் இன்னொரு ஊர் உறுப்பினருக்குப் பாடமாயிற்று. ஆகவே ‘நமக்கு இந்தத் தொழில்நுட்பம் தெரியாதே’ என்று பின்வாங்க இடமில்லை.

மூன்றாவது, ஜஹீராபாத் பகுதியில் டெக்கான் வளர்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த தலித் பெண்கள் கற்பித்தது. கிராமச் சங்கங்களில் கூடிய அந்தப் பெண்கள் வீடியோ எடுக்கப் பழகியபோது, கேமராக் கோணங்களுக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். கண்ணுக்கு நேர் மட்டத்தில் வைத்து எடுப்பதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘சங்கம் ஷாட்’. சங்கத்தில் எல்லோரும் தரையில் சமமாக உட்காருவதால் அந்தப் பெயர். மேலிருந்து கீழே பார்ப்பது ஆண்டையின் பார்வை என்று அவர்கள் கண்டார்கள். தமிழ்ச் சங்கம் நடத்தும் நாம் இந்த ஒரு பெயரை மனத்தில் வைத்தாலே போதும். பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

நம் மலையிலேயே கண்டது

மூணாற்றுக்குச் சுற்றுலா வருவோர் கொழுந்து எடுக்கும் பெண்களைப் படம் பிடித்துச் செல்வது பல காலமாக நடக்கிறது. அந்தப் படங்களில் முகம் உண்டு, பேச்சு இல்லை. 2015 செப்டம்பரில் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் மூணாற்றில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள். நாள் கூலி 232 ரூபாயில் ஒரு குடும்பம் எப்படி நடக்கிறது, எடை சுமந்த முதுகு எப்படி வலிக்கிறது, மழையில் அட்டை கடிக்க நிற்பது எப்படி என்று தொலைக்காட்சிக்காரர்களிடம் தமிழில் பேசினார்கள். ஒன்பது நாளில் போனஸ் கோரிக்கைக்குத் தீர்வு கிடைத்தது; அடுத்த மாதம் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. போராட்டத்தின் நியாயத்தை விவாதிப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. தம் வாயால் சொல்லும் கதைக்கு என்ன வலிமை உண்டு என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று நமக்கு இல்லை.

மற்றொன்று சொல்லவே மனம் கனக்கிறது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின. பலருக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். வீடு போனபோது பெட்டியில் இருந்த கல்யாணப் படமும், தாத்தாவின் வேலைச் சீட்டும், பிள்ளைகளின் சான்றிதழும் மண்ணோடு போயின. குடும்பத்தின் நினைவு ஒரே வீட்டில், ஒரே பெட்டியில் இருந்தால் அதற்கும் அதே கதிதான்.

மலை சரியாவிட்டாலும் நினைவு கரைந்துகொண்டுதான் இருக்கிறது. வேலை ஓய்ந்ததும், வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் வேலை செய்யவில்லை என்றால், லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பெரியவர்கள் தேனிப் பக்கமோ தென்காசிப் பக்கமோ இறங்கிப் போகிறார்கள். பிள்ளைகள் கொச்சியிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். பேரன் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கிறான். பாட்டி போனால் அவள் கதையும் போயிற்று.

பதிவு செய்யும் முறை

விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கையில் உள்ள செல்போனே போதும். நாங்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது:

1. முதல் சந்திப்பில் கேமராவை வெளியே எடுப்பதில்லை. போய் உட்கார்ந்து, தேநீர் குடித்து, நோக்கத்தைச் சொல்லிவிட்டு வருகிறோம். சம்மதம் என்றால் இரண்டாம் முறை செல்கிறோம்.

2. கேள்வி கேட்பவர் அந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நலம். அமெரிக்காவில் 2003 முதல் நடந்துவரும் ‘ஸ்டோரிகோர்ப்ஸ்’ என்ற ஒலிப்பதிவு முயற்சியில், அறிந்தவர் இருவர் எதிரெதிரே அமர்ந்து நாற்பது நிமிடம் பேசுவதே முறை. அந்நியரிடம் ‘எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்துச்சு’ என்று முடித்துக்கொள்ளும் பாட்டி, பேத்தி கேட்டால் மணிக்கணக்கில் பேசுகிறாள்.

3. ‘உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்கக் கூடாது; யாருக்கும் வாய் எழாது. சிறிய, கையால் தொடக்கூடிய கேள்வி வேண்டும். மலைக்கு வந்த முதல் நாள் என்ன கொண்டுவந்தீர்கள்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? இந்தப் பாத்திரம் யார் கொடுத்தது? இப்படிக் கேட்டால் கதை தானே வரும்.

4. சத்தமே முதன்மை. படம் சற்று மங்கினாலும் பொறுக்கலாம். பேச்சு கேட்காவிட்டால் பதிவே வீண். மின்விசிறியை நிறுத்தி, தொலைக்காட்சியை அணைத்து, சட்டையில் குத்தும் சிறிய மைக்கைப் பயன்படுத்துவது நல்லது. தகரக் கூரை வீட்டில் மழை நேரத்தில் பதிவு வேண்டாம்.

5. பேசுபவர் முகத்தில் சன்னல் வெளிச்சம் விழட்டும். முதுகுக்குப் பின்னால் சன்னல் இருக்கக் கூடாது. போனைப் படுக்கைவசமாக, கண்மட்டத்தில், அசையாமல் நிறுத்துங்கள்.

6. பேச்சுத் தமிழைத் திருத்தாதீர்கள். ‘ஜோலி’, ‘பணி’, ‘சேச்சி’ என்று மலையாளம் கலந்து வரும். நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் வரும். அதுதான் நம் எல்லைத் தமிழ். இலக்கணத் தமிழ் பேசச் சொன்னால் வாய் மூடிக்கொள்வார்கள்.

7. முழுப் பேச்சையும் அப்படியே பாதுகாத்து, திரையிடுவதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு படம். பின்னணி இசை தேவையில்லை.

8. முதலில் பார்ப்பவர் பேசியவரே. அவர் ‘இதை எடுத்துவிடுங்கள்’ என்றால் மறுபேச்சின்றி எடுத்துவிட வேண்டும்.

9. கோப்புக்குப் பெயர், ஊர், தேதி எழுதி, குறைந்தது இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஈழத்து நூல்களைக் காக்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தார் இன்று வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்துக் காத்து வருகிறார்கள். வரிசையாகப் பெயரிட்டு வைக்கும் பழக்கத்தை அவர்களைப் பார்த்துக் கற்கலாம்.

எச்சரிக்கை வேண்டிய இடங்கள்

சம்மதம் என்பது ஒருமுறை தலையசைப்பது அன்று. சங்கக் கூட்டத்தில் காட்டச் சம்மதித்தவர், வாட்ஸ்அப்பில் அனுப்பச் சம்மதித்தார் என்று பொருள் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு விழாவில் பேசிய பெண்மணியின் பேச்சிலிருந்து அரை நிமிடத்தை யாரோ வெட்டிப் பரப்பினார்கள். வேலை செய்யும் இடத்தில் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதன்பின் அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. இணைக்க வேண்டிய கருவி ஒருவரைப் பிரித்துவிட்டது. ஆகவே குடும்பத்துக்கு மட்டும், சங்கக் கூட்டத்துக்கு மட்டும், எல்லோருக்கும் என்று மூன்று நிலைகளைத் தனித்தனியே கேட்டு எழுதி வாங்குகிறோம். வேலையில் இருப்பவரிடம் நிர்வாகம் பற்றிய கேள்வியை நாங்களாக எழுப்புவதில்லை.

அடுத்து, யாருடைய கதை முதலில் என்பது. தலைவர், செயலாளர், புரவலர் என்று தொடங்கினால் அது பாராட்டு மலராகிவிடும். நாங்கள் பதிந்த முதல் மூவர்: ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி, வேலந்தாவளத்தில் டீக்கடை வைத்திருப்பவர், பள்ளியில் சத்துணவு சமைக்கும் அம்மா. வெற்றிக் கதை மட்டும் தேடவும் கூடாது. படித்து முன்னேறிய மகனின் கதையோடு, படிப்பை விட்ட மகளின் கதையும் நம் கதைதான்.

‘நீங்க எந்த ஊரு, யார் வகை?’ என்ற கேள்வி எதைத் தேடுகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். கேள்வித்தாளில் அது இடம்பெறக் கூடாது. அவராக அந்தக் கொடுமையைச் சொல்ல முன்வந்தால், வெட்டாமல் கேட்கும் துணிவும் நமக்கு வேண்டும்.

கூடிப் பார்ப்பதே பயன்

பதிவு செய்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். தனித்தனியே போனில் பார்த்தால் ‘நல்லா இருக்கு’ என்று விரலைத் தள்ளிவிடுவோம். கூடிப் பார்த்தால்தான் பேச்சு பிறக்கிறது. நாங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை இரண்டு படங்கள் மட்டும் காட்டுகிறோம். ஒன்று மலையிலிருந்து, ஒன்று சமவெளியிலிருந்து. படம் பத்து நிமிடம். அதன்பின் ஒரு மணி நேரம் பேச்சு.

ஒரு மாலை, மூணாற்றிலிருந்து ஓய்வுபெற்று வந்த மூதாட்டி, ஒருமுறை பஞ்சப் படி நிலுவையைக் கேட்டு விண்ணப்பம் எழுத ஆள் இல்லாமல் அலைந்ததைத் திரையில் சொன்னார். எல்லாப் படிவமும் மலையாளத்தில் இருந்ததாம். படம் முடிந்ததும் சித்தூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் எழுந்தார். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி இம்மாநிலத்துத் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று விளக்கினார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது புதுச் செய்தி. அடுத்த மாதத்திலிருந்து அவர் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் விண்ணப்பம் எழுதித் தருகிறார். எத்தனையோ சுற்றறிக்கைகளில் ‘சட்ட உதவி தேவைப்படுவோர் அணுகவும்’ என்று அச்சிட்டிருந்தோம், ஒருவரும் அணுகவில்லை. ஒரு பாட்டியின் ஐந்து நிமிடப் பேச்சு அதைச் செய்தது. கதை கேட்டவர்களுக்குத் தம்மால் என்ன செய்ய முடியும் என்று தோன்றிவிடுகிறது. கேட்பவருக்கும் கூச்சம் போய்விடுகிறது.

இல்லங்களுக்கு ஒரு பயிற்சி

இந்தப் பாடத்தைப் படித்து முடித்த குடும்பங்கள் வரும் விடுமுறையில் செய்து பார்க்க ஐந்து கேள்விகளைத் தருகிறேன். பிள்ளைகள் கேட்கட்டும், பெரியவர்கள் சொல்லட்டும், இன்னொருவர் போனைப் பிடிக்கட்டும்.

– நம் குடும்பத்தில் இந்த ஊருக்கு முதலில் வந்தவர் யார்? எந்த வழியாக வந்தார்? அல்லது எப்போதும் இங்கேயே இருந்தோமா?

– வந்த புதிதில் உதவிய ஒரு மலையாளக் குடும்பத்தின் பெயர் நினைவிருக்கிறதா? என்ன உதவி?

– வீட்டில் உள்ள மிகப் பழைய பொருள் எது? அது யாருடையது?

– இப்போது யாரும் செய்யாத ஒரு வேலையைச் சொல்லுங்கள். அதை எப்படிச் செய்வீர்கள்?

– சங்கத்தார் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது எது?

ஐந்தாம் கேள்வியைக் கடைசியில் கேளுங்கள். அதற்கு வரும் விடைதான் பெரும்பாலும் திரையிடத் தகுந்ததாக அமைகிறது என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். பதிவை எங்களுக்கு அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம். வீட்டில் உள்ள மூத்தவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தால் மட்டும், விடுமுறை வரை காத்திராமல் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.